கணக்கை முடிச்சுட்டுப் போங்க! – கோவை நேரு ஸ்டேடியம் முதல் சின்னப்பம்பட்டி வரை

கோவையில் வ.உ.சி பூங்காவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. கோடை விடுமுறை விட்டால் பொருட்காட்சி, ராட்டினம், டெல்லி அப்பளம் என்று அந்த வட்டாரமே களைகட்டிவிடும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது நேரு ஸ்டேடியம். சுற்றிலும் கடைகள், உள்ளே ஓடுதளம், நடுவில் புல்வெளி. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும், மாலையில் ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் அது அன்றாடம் வந்துபோகும் இடம்.

ஆனால், இந்திய கால்பந்தின் சாம்பியன் யார் என்ற கேள்விக்கு ஒருநாள் இந்தப் புல்வெளிதான் பதில் சொன்னது. அது 2019 மார்ச் 9.

ஐ-லீக் தொடரின் கடைசி நாள் அது. சென்னை சிட்டி அணி 40 புள்ளிகளுடன் முதலிடம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடன் அடுத்த இடம். பெயரில்தான் சென்னை. அந்த அணிக்குச் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். எதிரே நின்றது அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட, இடைவேளை வரை கேலரி வாயடைத்துக் கிடந்தது.

இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை பெட்ரோ மான்சி கோலாக்கினார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா அடுத்தடுத்து இரண்டு கோல்கள் போட்டார். 3-1. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் அணியும் வென்றது. இங்கே டிரா ஆகியிருந்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி ஆனது சென்னை சிட்டி.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நட்சத்திரம் கிளம்பினார்

அந்த அணியின் நடுக்களத்தில் நெஸ்டர் கோர்டில்லோ என்ற ஸ்பெயின்காரர் ஆடினார். மான்சி கோல் போட, பந்தைப் பக்குவமாக எடுத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர். கோவைக்காரர்கள் அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, சென்னை சிட்டியுடனான ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, ஐ.எஸ்.எல் அணியான புனே சிட்டியுடன் முன் ஒப்பந்தம் போட்டுவிட்டார் என்று பிரச்னை வெடித்தது.

கால்பந்தில் இதற்கு விதி உண்டு. ஒப்பந்தம் முடிய கடைசி 6 மாதங்கள் இருக்கும்போதுதான் ஓர் ஆட்டக்காரர் வேறு அணியுடன் கையெழுத்துப் போடலாம். அதற்கு முன்பே போவதென்றால் இப்போதைய அணியின் சம்மதம் வேண்டும். விவகாரம் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் குழுவுக்குப் போனது. ஒப்பந்தத்தை மீறினார் என்று நெஸ்டருக்கு 4 மாதத் தடை விழுந்தது.

இதற்கிடையில் புனே சிட்டி அணியே கலைந்துபோய், அதன் இடத்தில் ஹைதராபாத் அணி வந்திருந்தது. தடைக்காலம் முடிந்து, 2020 ஜனவரியில்தான் ஹைதராபாத் ஜெர்சியில் நெஸ்டர் களமிறங்கினார். அந்த சீசனில் ஹைதராபாத் 18 ஆட்டங்களில் வென்றது வெறும் 2. பட்டியலில் கடைசி இடம். சாம்பியன் அணியை விட்டு அடம்பிடித்துப் போனவருக்குக் கிடைத்தது அதுதான்.

அவர் மட்டுமா போனார்? எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி-க்குப் போனார். 21 கோல்களோடு தொடரின் அதிக கோல் போட்டவர் என்ற பெருமையைப் பகிர்ந்துகொண்ட மான்சி, அடுத்த சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஜப்பானுக்கு விமானம் ஏறினார். பிறகு ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கும், அஜித்குமார் பெங்களூருக்கும் போனார்கள்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஐ-லீக் பட்டம் வென்ற அதே ஆண்டில்தான், நாட்டின் முதல்நிலைத் தொடர் ஐ.எஸ்.எல் என்று முடிவானது. சாம்பியன் ஆனாலும் சென்னை சிட்டிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஏணியே இல்லாத மாடிக்குக் கீழே எத்தனை நாள்தான் நிற்பார்கள்?

தறிப்பட்டறையின் அட்வான்ஸ்

'என்னை விட்டுவிடுங்கள், வேறு அணிக்குப் போகிறேன்' என்று ஒரு நட்சத்திரம் கேட்பது ஊடகங்களுக்குப் பரபரப்புச் செய்தி. கொங்கு நாட்டுக்கு அது புதிதில்லை. கோவையிலிருந்து அவினாசி சாலையில் கிழக்கே பஸ் ஏறினால் போதும், வழியெல்லாம் இதே கதைதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல்களைப் பாருங்கள். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை' என்ற போர்டு தொங்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு எதிர் கம்பெனியில் பீஸுக்குச் சில காசுகள் கூடக் கிடைக்கும் என்றால், சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கள்கிழமை அங்கே போய் உட்கார்ந்துவிடலாம். முதலாளி முணுமுணுப்பார். அதோடு சரி.

ஈரோடு தாண்டி, காவிரிப் பாலத்தைக் கடந்து பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் கதை மாறும். அங்கே விசைத்தறிப் பட்டறைகளில் வேலைக்குச் சேரும்போதே அட்வான்ஸ் வாங்கும் வழக்கம் உண்டு. பிள்ளையின் படிப்பு, வீட்டில் ஒரு கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வாங்கிய தொகை பாக்கி நிற்கும்வரை அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது. நகர வேண்டுமென்றால் இன்னொரு பட்டறைக்காரர் அந்தப் பாக்கியைக் கட்டி ஆளைக் கூட்டிப் போக வேண்டும். அப்போதும் கடன் தீர்ந்துவிடாது, புது முதலாளியின் நோட்டுக்கு மாறும். அவ்வளவுதான்.

கால்பந்தில் இதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர் தொகை. அங்கே கைமாறும் பணம் கோடிகளில். ஆட்டக்காரருக்கும் அதில் லாபம். தறிக்காரருக்கு லாபம் எதுவும் இல்லை, இடம் மட்டும்தான் மாறுகிறது. ஆனால், 'நான் எங்கே வேலை பார்ப்பது என்பதை யார் முடிவு செய்வது?' என்ற கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவின் பேஸ்பால் உலகம் இந்தக் கேள்வியைக் கோர்ட்டுக்கே கொண்டு போனது. 1969-ல் செயின்ட் லூயிஸ் அணி, தன்னிடம் 12 சீசன் ஆடிய கர்ட் ஃப்ளட் என்பவரைக் கேட்காமலேயே பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டது. 'வாங்கவும் விற்கவும் நான் என்ன சரக்கா?' என்று போராடிய அவர், 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால், 1975-ல் வேறு இருவர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு ஆட்டக்காரர்களின் கட்டை அவிழ்த்தது. இன்று அங்கே 10 ஆண்டு அனுபவமும், அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியிலும் இருந்த ஆட்டக்காரர், தன்னை மாற்றுவதற்கு 'முடியாது' என்று சொல்லலாம்.

சஞ்சு சாம்சன் போன வழி

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குக் காற்று மட்டுமா வருகிறது? கேரளாவின் கிரிக்கெட் பாசமும் சேர்ந்தே வருகிறது. அதனால், கேரளத்துப் பிள்ளை சஞ்சு சாம்சன் ராஜஸ்தான் ராயல்ஸை விட்டு விலக விரும்புகிறார் என்று 2025 ஆகஸ்டில் செய்தி வந்தபோது, கோவையின் டீக்கடைகளிலும் அதே பேச்சுதான்.

ஐ.பி.எல் 2025-ல் ராஜஸ்தான் 14 ஆட்டங்களில் 4 மட்டுமே வென்று 9-வது இடம் பிடித்தது. 2021 முதல் அணியின் கேப்டன் சாம்சன்தான். தோற்கும் அணியை விட்டு கேப்டனே போகலாமா என்று ஒரு கட்சி. திறமையை எத்தனை வருஷம் ஒரே இடத்தில் அடகு வைப்பது என்று இன்னொரு கட்சி.

ஐ.பி.எல் விதிப்படி ஆட்டக்காரர் நினைத்தால் மட்டும் போக முடியாது. இரண்டு அணிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஆட்டக்காரரும் சம்மதிக்க வேண்டும். மாதக்கணக்கில் பேச்சு இழுத்தது. கடைசியில் நவம்பர் 15-ல் சாம்சன் 18 கோடி ரூபாய்க்கு சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வந்தார். பதிலுக்கு ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் போனார்கள். ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது. இதில் வேடிக்கை, சாம்சன் வந்து சேர்ந்த சென்னை அணி 2025-ல் பிடித்த இடம் 10. அதாவது, கடைசி!

2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்துகளில் கோப்பையை வாங்கித் தந்த ஜடேஜாவை அனுப்பிவைத்ததில் ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால், இதில் ஒரு நேர்மை இருந்தது. கேட்டவர் கேட்டார், பேச வேண்டியவர்கள் பேசினார்கள், கணக்கு முடிந்தது, கைகொடுத்துப் பிரிந்தார்கள். நெஸ்டர் விஷயத்தில் நடக்காமல் போனது இதுதான்.

சின்னப்பம்பட்டியின் மைதானம்

குமாரபாளையத்திலிருந்து சங்ககிரி, எடப்பாடி வழியாக இன்னும் கொஞ்சம் போனால் சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டி. யார்க்கர் நடராஜனின் ஊர். அப்பா தறி வேலைக்குப் போன குடும்பம். அம்மா சாலையோரம் கோழிக்கறி விற்றவர்.

நடராஜன் எந்த அணியிடமும் மாற்றிவிடச் சொல்லிப் பரபரப்பு கிளப்பியதில்லை. அணிகள்தான் அவரை மாற்றின. 2017-ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது, அடுத்த ஆண்டே விட்டது. ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. அங்கேதான் அவர் உலகத்துக்குத் தெரிந்தார். 2025-ல் டெல்லி 10.75 கோடி கொடுத்து எடுத்துவிட்டு, பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தது. பெரிய நட்சத்திரங்கள் அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவர்கள் ஏலத்தில் போகிறார்கள்.

எத்தனை ஜெர்சி மாறினாலும் நடராஜன் மாறாத ஒன்றைத் தன் ஊரில் வைத்திருக்கிறார். சின்னப்பம்பட்டியில் அவர் உருவாக்கிய கிரிக்கெட் மைதானம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. அதை எந்த அணியும் ட்ரேட் செய்ய முடியாது!

போயிட்டு வர்றோமுங்க

மீண்டும் கோவை நேரு ஸ்டேடியம். நெஸ்டர் போனார், மான்சி போனார். கடைசியில் அந்த அணியே போய்விட்டது. பட்டத்தால் கிடைத்த ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி கோப்பை வாய்ப்பில்கூட, 2020 மார்ச்சில் அதன் 'சொந்த மைதான' ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில். பிறகு கொரோனா வந்தது. 2020-21 ஐ-லீக் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. அதன்பின் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவேயில்லை. கோவையில் கடைசியாக ஆடியபோது, அதுதான் கடைசி ஆட்டம் என்பது கேலரியில் இருந்த யாருக்கும் தெரியாது.

ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை மீறினால் விசாரிக்கக் குழு இருக்கிறது, தடை இருக்கிறது. ஆட்டக்காரரை அணி ஏமாற்றினாலும் முறையிட இடம் உண்டு. டிக்கெட் வாங்கி, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த ரசிகரை விட்டுவிட்டுப் போனால்? அவருக்கு ஒப்பந்தமும் இல்லை, ட்ரேடும் இல்லை. ஊரை மாற்றிக்கொண்டு போகவும் அவரால் முடியாது.

கொங்கு நாட்டில் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'போயிட்டு வர்றேனுங்க' என்பார்கள். போவது தப்பில்லை. பாக்கியை முடித்துவிட்டு, முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனால் போதும், இந்த ஊர் வழியனுப்பி வைக்கும்.

அந்த ஒரு வார்த்தை, நேரு ஸ்டேடியத்துக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.