பழைய ஓபோவின் விலை

பழமையால் மதிப்புயரும் இசைக்கருவிகள் உள. வயலினை அவற்றுள் ஒன்றாகக் கூறுவர். ஓபோவோ அத்தகையதன்று. சென்ற கோடை விடுமுறையில், எம் பெரிய தந்தையார் முப்பதாண்டுகளாக வாசித்துவந்த ஓபோவை அவர் பொருட்டு விற்க முற்பட்டபோது யாம் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்தோம்.

ஓபோ மேனாட்டுத் துளைக்கருவிகளுள் ஒன்று. நம் நாகசுரத்திற்குச் சீவாளி எவ்வாறோ, அவ்வாறே இதற்கும் நாணலாற் செய்த இரட்டைச் சீவாளியே உயிராகும். உடலைப் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் மூன்று பகுதிகளாகக் கடைவர். பாரிஸ் நகரில் 1881-ஆம் ஆண்டு பிரான்சுவா லோரே என்பார் நிறுவிய தொழிற்கூடம் இக்கருவிக்குப் பெயர்பெற்றது.

மரத்தினது இயல்பே இக்கருவியின் இடர். வாசிப்போரது வெப்பமும் ஈரமும் பொருந்திய மூச்சினால் உட்புறம் விரியும். புறத்தே குளிர்ந்த மரம் அவ்வாறு விரியாது. அதனால் மேற்பகுதி வெடித்தலும் உண்டு. இதனை அஞ்சியே புதுக்கருவியை நாடோறும் சிறிது நேரமே வாசித்துப் பழக்குவர். மேலும், நெடுநாள் வாசித்தலால் உட்டுளை வடிவு மாறி ஒலி தளரும் என்பர் கலைஞர் பலர். ஆகவே, மிகுதியும் உழைத்த கருவிக்கே விலை குறைகின்றது!

நிற்க. இசை பயிலும் மாணவி ஒருத்தி தன் தந்தையாருடனும் ஆசிரியருடனும் எம் இல்லம் போந்தாள். ஆசிரியர் துளைகளை அடைத்து, கீழ்வாயை மூடி, காற்றை உறிஞ்சிப் பார்த்தார், காற்றுக் கசியவில்லை. பின்னர் ஒவ்வொரு சுரமாக வாசித்து மகிழ்ந்து, யாம் கருதியதனினும் மிக்க விலை கூறினார். பெரிய அன்னையாரின் கண் சிகிச்சைக்கு அத்தொகை பெரிதும் வேண்டியிருந்தது.

அப்பொழுது பெரிய தந்தையார் கருவியை வாங்கித் துணியால் எண்ணெயைத் துடைத்து, திறவுகளின் கீழ் மறைந்திருந்த மெல்லிய கோடொன்றைக் காட்டினார். "மகளே, இவ்விடத்தைத் தடவிப் பார். முன்னொரு காலத்தில் வெடித்தது, ஊசியிட்டு அடைத்திருக்கின்றது. குளிர்காலத்தில் கையால் நன்கு வெதுவெதுப்பாக்கிய பின்னரே வாசித்தல் வேண்டும்" என்றார்.

விலையில் நாலிலொரு பங்கு குறைந்தது. அவர்கள் சென்றபின், "பெரியப்பா, அவர்கள் அதனைக் கேட்கவில்லையே" என்றோம். "கேளாவிடில் வெடிப்பு இல்லையாகிவிடுமோ?" என்று கூறி, வெறும் பெட்டி இருந்த இடத்தைச் சிறிது நேரம் நோக்கியிருந்தார்.

குறைந்த தொகையை எம் தந்தையார் தம் ஊதியத்தினின்று ஈடுசெய்தார். சிகிச்சையும் இனிது முடிந்தது. பழைய கருவி வாங்குவோர் அறிந்தார் ஒருவரை உடன்கொண்டு செல்லுதல் நன்று. விற்போர்க்கோ, கேட்குமுன் குறையைக் கூறுதல் அதனினும் நன்று. அம்மாணவி இன்றும் வாசிக்குமுன் அக்கருவியைச் சிறிது நேரம் கையில் ஏந்தி வெதுப்புகின்றாள் எனக் கேள்வியுற்றோம்.