வைகைக் கரையோரம் – 9: காப்பியத்தை நம்பி மலையேறியவர்

கூடலூரைத் தாண்டி பளியன்குடி அடிவாரத்தில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது. சித்திரா பௌர்ணமி. மேலே இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் இந்த ஒரு நாள்தான் மக்களை விடுகிறார்கள். பெரியாறு புலிகள் காப்பகம், அதிலும் தமிழக–கேரள எல்லை என்பதால் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசித்தான் திருவிழாவே நடக்கும். குமுளியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகலாம். முழங்காலை நம்புகிறவர்களுக்குப் பளியன்குடி வழி. ஆறேழு கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம்.

எனக்கு முன்னால் கம்பத்து அப்பத்தா ஒருவர் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார். வருடம் தவறாமல் வருகிறவராம். “கோவிந்தராசனாரைத் தெரியுமா அப்பத்தா?” என்றேன். “அது யாருய்யா, மேல பூசாரியா?” என்று திருப்பிக் கேட்டார். நான்கைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக் என்று கேட்டிருந்தால் ஊர்ப்பட்ட கதை கிடைத்திருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் அவர் படம் இல்லாத டீக்கடை குறைவு. தேனி பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர்தான். அது நியாயமும்கூட, அவர் கொண்டுவந்தது சோறு. ஆனால் இந்த மலைக்கு இத்தனை கால்களை வரவைத்த தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் யாருக்கும் நினைவில் இல்லை என்பது எனக்கு உறுத்தியது.

சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு கண்ணகி மேற்கு வாயில் வழியே வெளியேறுகிறாள். கணவனோடு கிழக்கு வாயிலில் நுழைந்தவள், தனியாக மேற்கில் போகிறாள். வைகையின் ஒரு கரையைப் பிடித்து நடந்து நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை மரத்தின் கீழ் நிற்கிறாள். பதினான்கு நாள் கழித்து விண்ணுலகம் போகிறாள். குன்றக் குறவர் கண்டு வியந்த செய்தி சேரன் செங்குட்டுவனுக்குப் போய், இமயத்திலிருந்து கல் வருகிறது. இது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் குன்றம் எது என்பதில்தான் சிக்கல். பழைய உரைமரபு திருச்செங்கோட்டைக் காட்டியது. அதைப் பாடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் போனார்கள்.

கோவிந்தராசனார் ஆற்றைப் பார்த்தார். வைகைக் கரையோடு மேற்கே நடக்கிறவள் எப்படித் திருச்செங்கோட்டுக்குப் போய்ச் சேருவாள்? அது வடக்கே, காவிரிப் பக்கம் அல்லவா? இளங்கோ சொன்ன திசையை அப்படியே எடுத்துக்கொண்டு, பூம்புகாரிலிருந்து கண்ணகி வந்த தடத்தைத் தேடி நடந்தார்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தபோது இந்தக் கேள்வியைத்தான் சன்னலோரம் உருட்டிக்கொண்டு வந்தேன். தேனிக்குப் பக்கம் வைகையோடு முல்லையாறு கலக்கிறது. நேர் வைகையைப் பிடித்தால் தெற்கே வருசநாட்டு மலைக்குப் போவோம். முல்லையாற்றைப் பிடித்தால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக வந்து மலை எதிரே நிற்கும். அந்த மலைக்கு அப்பால் சேரநாடு. கதை சேரனிடம் போக வேண்டுமென்றால் இந்தக் கிளைதான் பொருந்துகிறது. இதை வரைபடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்தான். கோவிந்தராசனார் காடேறிச் சென்று பார்த்தார். அங்கேதான் மற்ற புலவர்களிடமிருந்து வேறாகிறார். 1963 நவம்பர் 17 அன்று, வண்ணாத்திப்பாறை மலை உச்சியில் இடிந்து கிடந்த இந்தக் கற்கோயிலைக் கண்டு, இதுவே செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் என்றார்.

இன்று வழிநெடுகப் போலீஸ், வனத்துறை ஆட்கள், தண்ணீர்த் தொட்டி, மருத்துவ முகாம். பிளாஸ்டிக் பாட்டிலைக் கீழேயே பிடுங்கிக்கொள்கிறார்கள். அப்படியிருந்தும் கடைசிப் புல்மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. இதில் எதுவும் இல்லாத நாளில், அதுவும் கார்த்திகை மழைக்காலத்தில், ஒரு தமிழாசிரியர் இங்கே வந்தார் என்பதை ஏறிப் பார்த்தால்தான் உறைக்கும்.

மேலே நாலாயிரம் அடிக்கு மேல் காற்று ஆளைத் தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சோ கோபுரமோ இல்லாத கருங்கல் கட்டடங்கள்; சுவர்கள் பிளந்து, தூண்கள் சாய்ந்து கிடக்கின்றன. நின்று பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிகிறது. ஒரு பக்கம் தமிழ்நாட்டுப் பூசாரிகள், ஒரு பக்கம் கேரளத்துப் பூசாரிகள். கண்ணகி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

இது கண்ணகி கோட்டம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. நிற்கிற கட்டடம் செங்குட்டுவன் காலத்தது அல்ல, பிற்காலத்தது. கல்வெட்டில் அம்மனுக்குப் பூரணி என்ற பெயர் வருகிறது. அது கண்ணகிதானா என்று கேட்பவர்களின் கேள்வியைத் தள்ள முடியாது. நான் எந்தப் பக்கம் என்றால், முடிவைவிட அவர் போன வழியின் பக்கம். காப்பியத்தில் ஊர், ஆறு, திசை வந்தால் அதை அலங்காரம் என்று ஒதுக்காமல் போய்ப் பார்த்த புலவர்கள் நம்மிடம் விரல்விட்டு எண்ணும் அளவே.

அவர் கோயிலோடு நின்றுவிடவும் இல்லை. கல்வெட்டுகளில் வரும் சொற்களுக்கு அகராதியாக ‘கல்வெட்டுக் கலைச்சொல் அகரமுதலி’ என்ற நூலைத் தொகுத்தார். கரந்தைச் செப்பேடுகளைப் பதிப்பித்தார். கண்ணகியைத் தேடி அலைந்ததைத் தனி நூலாகவும் எழுதினார்.

அடுத்த சித்திரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழி ஏறப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள், பொழுது சாய்வதற்குள் கீழே அனுப்பிவிடுவார்கள். போகும் முன் வஞ்சிக் காண்டத்தின் முதல் சில பக்கங்களைப் படித்துவிடுங்கள். பக்கத்தில் நடக்கிறவரிடம் கரந்தைக் கோவிந்தராசனார் பெயரையும் சொல்லி வையுங்கள்.

(பயணம் தொடரும்)