கொடைக்கானலில் தோலுரிந்த கார்

ஏறும்போது காரில் போனோம். இறங்கும்போது பஸ்ஸில் வந்தோம். நடுவில் இரண்டு நாள் கொடைக்கானல். "ஏரியில படகு விட்டீங்களா? கோக்கர்ஸ் வாக் போனீங்களா?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான். மூஞ்சிக்கல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து, நகத்தால் காரைச் சுரண்டிக் கொண்டிருந்தோம்!

கார் என்னுடையதல்ல, மச்சானுடையது. அதாவது என் மனைவியின் அண்ணன். ஏழு வருஷம் ஓடிய வெள்ளைக் கார். அவர் பெண்ணுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்து, முதல் தவணைக்குக் கெடுவும் சொல்லி விட்டார்கள். காரை விற்றுவிடுவது என்று குடும்பத்தில் ஏகமனதாகத் தீர்மானம். கொடைக்கானலில் சின்னதாக ஹோம் ஸ்டே வைத்திருக்கும் ஒருவர், போட்டோவைப் பார்த்தே நாலரை லட்சம் பேசியிருந்தார்.

"வண்டியை மேலே கொண்டு வாங்க. நேர்ல பார்த்துட்டுப் பணத்தைத் தந்துடறேன்" என்றார். துணைக்கு நான். பி.காம். படித்தவன் பக்கத்தில் இருந்தால் பேரம் படியும் என்பது மச்சானின் அசைக்க முடியாத நம்பிக்கை.

போட்டோவில் வண்டி ஜொலித்ததற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷம் முன்பு பானெட், கூரை, இரண்டு பக்கக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் கறுப்பில் 'கார்பன் ஃபைபர்' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அது போதாதென்று போன தீபாவளிக்கு முன்னால் அதன் மேல் கிளியர் கோட் வேறு அடித்து விட்டார். எட்டாயிரம் ரூபாய்.

"பளபளன்னு கண்ணாடி மாதிரி நிக்கும் மாப்ளே. ஸ்டிக்கருக்கும் பாதுகாப்பு" என்றார்.

நிஜ கார்பன் ஃபைபர் வேறு சங்கதி. தலைமுடியைவிட மெல்லிய கரி இழைகளைத் துணி மாதிரி நெய்து, பிசின் ஊற்றி இறுக்குவது. 1981-ல் மெக்லாரன் கம்பெனி தன் எம்.பி.4/1 பந்தயக் காரின் கூட்டை அதில் செய்தது. அதே வருஷம் இத்தாலியில் மொன்ஸா பந்தயத்தில் ஜான் வாட்ஸன் அந்தக் காரைக் கொண்டு போய் மோதினார். எஞ்சின் தனியே பிய்த்துக் கொண்டு போயிற்று. மனுஷர் கூட்டிலிருந்து எழுந்து நடந்து வந்தார். மச்சானின் பானெட்டில் இருந்ததோ அந்தத் துணியின் டிசைன் போட்ட பி.வி.சி. படலம். பட்டுப் புடவை பிரிண்ட் போட்ட பாலியெஸ்டர் மாதிரி!

*

மதுரையில் விடிகாலையில் கிளம்பி வத்தலக்குண்டில் டிபன். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் பிறந்த ஊர். எங்கள் சரித்திரமும் அங்கேதான் ஆரம்பித்தது. ஹோட்டல் வாசல் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற பானெட்டைத் தொட்டேன். கையில் கொப்புளம் வராத குறை. கறுப்பு நிறம் வெயிலை மிச்சம் வைக்காமல் குடிக்கும்.

அப்புறம் மலை. பாதி தூரம் இரண்டாம் கியர். மேலே வெயில், கீழே எஞ்சின் சூடு, நடுவில் பாவப்பட்ட பானெட். டம் டம் பாறையில் நிறுத்தினோம். எதிரே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தலையாறு அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. 975 அடி. எலிவால் அருவி என்று பெயர் வைத்தவன் ரசிகன். மச்சான் அருவியைப் பார்க்கவில்லை. பானெட்டின் மேல் குனிந்து, பாக்கெட்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து எதையோ துடைத்துக் கொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக் கொண்டு ஏறுவார்கள். வழியில் நின்று துடைக்க அவர்களுக்கு பானெட் இல்லை. கொடுத்து வைத்தவர்கள்!

பெருமாள்மலை தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. பத்தே நிமிஷத்தில் சூடான பானெட் மேல் சில்லென்று நீர் பூத்தது. செக்போஸ்ட்டில் இ-பாஸ் கேட்டார்கள். சென்னை ஐகோர்ட் உத்தரவால் 2024 மே 7-லிருந்து வந்த ஏற்பாடு. அடுத்து "பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா?" என்று குனிந்து பார்த்தார்கள். எங்களிடம் ஸ்டீல் கூஜாதான். தலையை ஆட்டி அனுப்பி விட்டார்கள். காரின் கூரை முழுக்கப் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்ததை யாரும் கேட்கவில்லை!

வாங்குகிறவர் வெளியூர் போயிருந்ததால் மறுநாள் காலைதான் வருவதாகச் சொன்னார். ராத்திரி குளிர் எலும்பைத் தொட்டது. காரை வெட்டவெளியில் நிறுத்தி விட்டு, கம்பளிக்குள் புகுந்தோம்.

காலையில் மச்சானின் குரல்: "மாப்ளே... இங்க கொஞ்சம் வாங்க."

பானெட் நடுவிலிருந்து நாலாபக்கமும் கோடு. காய்ந்த கண்மாய் வெடித்த மாதிரி. கூரையிலும் அப்படியே. கையை வைத்தால் நெருடியது.

"நேத்துதான் வந்துச்சா மச்சான்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மஞ்சள் துணியைக் காட்டினார். "சித்திரையிலயே முடி மாதிரி நாலு கோடு விட்டுச்சு. வாக்ஸ் போட்டாத் தெரியல."

டம் டம் பாறையில் அருவியைப் பார்க்காத ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

*

வாங்குகிறவர் வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எனக்கு ஸ்டிக்கரே வேண்டாம் ஸார். உரிச்சுட்டு வெள்ளையாக் கொடுங்க. அடியில பெயிண்ட் நல்லா இருந்தா பேசின ரேட்டுதான்" என்றார். நியாயம்தானே?

அப்படித்தான் மூஞ்சிக்கல் போய்ச் சேர்ந்தோம். ஒர்க்‌ஷாப்பில் ஒரு பெரியவர். எல்லோரும் 'பெயிண்டர் பாய்' என்று கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, விரல் நுனியால் பானெட்டைத் தட்டிப் பார்த்தார். டாக்டர் நெஞ்சைத் தட்டுவது போல.

"ஸ்டிக்கர் ஒட்டினவன் மேல தப்பு இல்லீங்க. கிளியர் அடிச்சவனும் நல்லாத்தான் அடிச்சிருக்கான். ரெண்டையும் ஒண்ணா வச்சதுதான் தப்பு."

விளக்கமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். காமர்ஸ் மூளைக்கே புரிந்தது.

வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான், ஸ்டிக்கரும் பி.வி.சி.தான். ஸ்டிக்கரில் எண்ணெய் மாதிரி ஒரு சரக்கைக் கலந்து மெத்தென்று ஆக்கியிருக்கிறார்கள். வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால்தான் வளைவு நெளிவெல்லாம் ஒட்டிக் கொள்கிறது. கிளியர் கோட் நேர் எதிர். ஹார்ட்னர் சேர்த்து அடிக்கிற டூ-கே கிளியர் காய்ந்தால் இறுகி விடும். அசையாத தகரத்தின் பெயிண்ட் மேல் அது ராஜா. அசைகிற ஸ்டிக்கரின் மேல், ரப்பர் மெத்தையில் போட்ட கண்ணாடி. ஸ்டிக்கர் இழுக்கும்; கிளியர் வராது. கடைசியில் வெடிக்கும்.

அதோடு தின்னர் வேறு. ஒரேயடியாக ஈரமாக அடித்தால் தின்னர் படலத்துக்குள் இறங்கி ஊற வைக்கும். அடியில் உள்ள பசையையும் கெடுக்கும். சாதாரண பெயிண்டை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பிடிப்பு உண்டாக்கி, அதன் மேல் கிளியர் அடிப்பார்கள். கார்பன் ஸ்டிக்கரின் மேல் உள்ள வரிவரியான நெசவைத் தேய்த்தால் டிசைனே போய் விடும். தேய்க்காவிட்டால் பிடிப்பு இல்லை. தேய்த்தாலும் குற்றம், தேய்க்காவிட்டாலும் குற்றம்!

"அப்ப எதுக்கு பாய் அடிக்கிறாங்க?"

"அழகுக்குத்தான். வரிக்கு நடுவுல கிளியர் நிரம்பினதும், உள்ள ஆழம் இருக்கிற மாதிரித் தெரியும். நிஜ கார்பனாட்டம். ஆறு மாசம் பிரமாதமா இருக்கும்."

மலைக்கென்று தனிக் கணக்கும் உண்டு. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவிகிதம் கூடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மதுரையை விட ஐந்தில் ஒரு பங்கு அதிகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். குளிருகிறதே என்று நாம் ஸ்வெட்டர் போட்டுக் கொண்டு நிற்போம். மூக்கு மட்டும் கருகிப் போயிருக்கும். 1901-லிருந்து சூரியனைப் பார்த்துக் கொண்டிருக்கும் வானாய்வுக் கூடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 1909-ல் எவர்ஷெட் என்ற வெள்ளைக்காரர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். சூரியன் வேலை செய்வதை ஆராய இவ்வளவு நல்ல இடத்துக்கு, எங்கள் பானெட்டையும் கொண்டு வந்து வைத்து விட்டோம். பகலில் வெயில், நடுவில் மூட்டம், ராத்திரி குளிர். மதுரையில் ஒரு வருஷம் பிடிக்கிற வேலையை மலை சீக்கிரமே முடித்துக் கொடுக்கும்.

*

உரிக்க ஆரம்பித்தார்கள். சாதாரண ஸ்டிக்கர் என்றால் ஹீட் கன்னால் சூடு காட்டி, மூலையைப் பிடித்துச் சாய்வாக இழுத்தால் வாழையிலை மாதிரி முழுசாக வரும். எங்களுடையது அப்பளம். நக அளவு துண்டு துண்டாக உடைந்தது. சூடு காட்டினால் ஸ்டிக்கர் இளகுகிறது. கிளியர் இளகுவேனா என்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஒரு தலையணை உறை அளவு இடம் வெளுத்தது. நான், மச்சான், பையன் ஒருவன், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தகட்டோடு சுரண்டினோம். பாய் மட்டும் ஓரங்களைத் தன் கையில் வைத்துக் கொண்டார். ஸ்டிக்கர் முடிகிற ஓரத்தில் கிளியர் வழிந்து, காரின் சொந்தப் பெயிண்டோடு ஒட்டிக் கொண்டிருந்தது. அங்கே அவசரப்பட்டால் பெயிண்டும் கூடவே வரும்.

ஜெர்மனியில் டாக்ஸிகளுக்குத் தந்த நிறம் என்று ரொம்ப நாளாக ஒரு விதி உண்டு. டாக்ஸிக்காரர்கள் வேறு நிறத்தில் கார் வாங்கி, மேலே தந்த நிறப் படலம் ஒட்டி ஓட்டுவார்கள். விற்கும்போது உரித்து விடுவார்கள். உள்ளே புதுப் பெயிண்ட், நல்ல விலை. ஸ்டிக்கரின் முழு லாபமும் அந்த உரிப்பதில்தான் இருக்கிறது. எட்டாயிரம் செலவழித்து அந்த லாபத்துக்குத்தான் மச்சான் பூட்டுப் போட்டு, சாவியையும் தூக்கி எறிந்திருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் முடிந்தது. கம்பெனி பெயிண்ட் கெட்டியாக நின்றது. ஆனால் எப்போதோ கீறல் விழுந்து பட்டி பார்த்து ரீ-பெயிண்ட் செய்த பானெட் மூலை, ஸ்டிக்கரோடு உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்து வந்து விட்டது. கூரை ஓரத்திலும் இரண்டு இடம். வாங்குகிறவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து விட்டு, "நாலு பதினைஞ்சு" என்றார். என் பி.காம். வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்தாயிரம் குறைவு, உரிப்புக் கூலி தனி. பாக்கிக் கடன் அடைத்துப் பார்த்தால் தவணைக்குத் துண்டு விழுந்தது. மச்சான் தள்ளிப் போய் வீட்டுக்குப் போன் பேசினார். மறுநாள் அக்காவின் இரண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று.

கிளம்பும்போது பாயிடம் கேட்டேன்: "ஸ்டிக்கருக்கு மேல ஏதாவது போட்டே ஆகணும்னா?"

"வினைலுக்குன்னே வர்ற திரவக் கோட்டிங் இருக்கு, துணியில தொட்டுத் தடவுறது. இல்லைன்னா கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிம் இருக்கு, அதை மேல ஒட்டலாம். ரெண்டுமே ஸ்டிக்கரோட நீளும், சுருங்கும். நிழல்ல நிறுத்துங்க, சோப்புத் தண்ணியில கழுவுங்க. வெளுத்துட்டா உரிச்சு எறிஞ்சுட்டுப் புதுசு ஒட்டுங்க. அதுக்குத்தானே ஸ்டிக்கர்?" என்றவர் இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. "அப்புறம் ஒண்ணு. மூக்குல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு டூ-கே அடிக்கிற பசங்களைப் பார்த்தா, நல்ல மாஸ்க் வாங்கிப் போடச் சொல்லுங்க. ஹார்ட்னர்ல இருக்கிற சரக்கு நுரையீரலைத் தின்னுடும். நான் கைக்குட்டையிலயே காலத்தை ஓட்டினவன்."

*

பழனி பஸ் கிடைத்தது. பெருமாள்மலையில் வலதும் இடதுமாகத் திரும்பித் திரும்பி இறங்குகிற அந்தப் பாதையில் மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நகக் கண்ணில் சிக்கியிருந்த கறுப்புத் துணுக்கைக் குண்டூசியால் எடுத்துக் கொண்டே வந்தார். ராத்திரி பழனியில் விஞ்ச் ஏறி, ராக்கால பூஜை பார்த்தோம். மூலவருக்குச் சந்தனம் சாத்துவார்கள். விடிந்ததும் அதை எடுத்துப் பிரசாதமாகக் கொடுப்பார்கள்.

படியிறங்கும்போது மச்சான் நின்றார்.

"சாமிக்கே பூசினதைக் காலையில எடுத்துடுறாங்க மாப்ளே" என்றார். "நான் காருக்கு நிரந்தரமாப் பூசப் பார்த்தேன்."

அடிவாரத்தில் வரிசையாகப் பூஜைக்கு நின்ற புதுக் கார்களில் ஒன்றின் பானெட்டில் கார்பன் ஃபைபர் ஸ்டிக்கர் மின்னியது. மச்சான் நேராக அந்த ஓனரிடம் போனார்.

"ஸார், தப்பா நினைக்காதீங்க. இது மேல கிளியர் கோட் அடிக்கிற யோசனை ஏதாவது இருக்கா?"