கல்லில் எழுதாத பாட்டு

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகச் செல்லும் சாலை நம்மைப் பழவேற்காட்டில் கொண்டு சேர்க்கிறது. அதற்கப்பால் நீரும் வானமுமே காட்சி. தமிழகமும் ஆந்திரமும் பங்கிட்டுக் கொண்டுள்ள இந்த உப்பங்கழி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. ஏரி என்று பெயர் பெற்றாலும் பெரும்பகுதியில் ஆழம் மிகக் குறைவு. கழியை ஊன்றித் தள்ளியும் பாய் விரித்தும் ஓடங்கள் சென்று வந்த நீர்ப்பரப்பு இது.

ஊருக்குள் வருவோரைக் கவர்பவை ஒல்லாந்தரின் கல்லறைகள். 1613-இல் அவர்கள் எழுப்பிய கெல்திரியா கோட்டை இன்று இடிபாடாகிவிட்டது. எனினும் கல்லறைகளில் செதுக்கிய பெயர்களையும் ஆண்டுகளையும் இன்றும் படிக்கலாம். தொல்லியல் துறை அவற்றைக் காத்து வருகிறது. ஆனால் அதே காலத்தில், அதே கரையில் வலையிழுத்த மீனவர் என்ன பாடினர் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர் ஏரியைப் 'பாடு' என்னும் முறையால் பகிர்ந்து கொள்கின்றனர். இன்ன நாளில், இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்பது அதன் ஒழுங்கு. தலைமுறை தலைமுறையாக நினைவில் காத்த நெறி அது. அவ்வாறே நினைவில் மட்டும் வாழ்ந்த மற்றொரு செல்வம், தமிழ்க் கடற்கரை மக்கள் 'அம்பா' என்றழைக்கும் தொழிற்பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் 'ஏலேலோ' என்று ஏற்றுப் பாடுவர். பொழுதுபோக்குக்காகப் பிறந்ததன்று அது. பல கைகளை ஒரே கணத்தில் இழுக்கச் செய்யும் கருவி.

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் பெருகின. தோள்களின் சுமை குறைந்தது. அதை யார் குறை கூறுவர்? ஆனால் இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. "கை கயிற்றைப் பிடித்தால்தான் சாமி, வாய்க்குப் பாட்டு வரும்" என்றார், கரையில் வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர்.

1877-இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த பின்னரே, மறையும் குரலைப் பிடித்து வைக்க மனிதனுக்கு வழி பிறந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் ஃபேனி காக்ரேன் ஸ்மித் என்னும் பழங்குடிப் பெண்மணி 1899-இலும் 1903-இலும் தம் முன்னோரின் பாடல்களை மெழுகு உருளைகளில் பாடிப் பதித்தார். 1905-இல் அவர் மறைந்தார். அக்குரல் மறையவில்லை, இன்றும் அவர் வழித்தோன்றல்கள் அதைக் கேட்கின்றனர்.

நம் நாட்டிலும் கிரியர்சனின் மொழி ஆய்வையொட்டி, 1913 முதல் 1929 வரை தமிழ் உட்படப் பல மொழிகளின் பேச்சும் பாட்டும் இசைத்தட்டுகளில் பதிவாயின. அவற்றில் பல மொழியினர் தத்தம் மொழியில் சொன்ன கதை எது தெரியுமா? ஊதாரி மைந்தன் உவமை! பின்னர், ஒல்லாந்து நாட்டவரான ஆர்னால்டு பாக்கே 1938-இல் தென்னிந்தியாவில் நாட்டுப்புற இசையைப் பதிவு செய்தார். 1984-இல் இசையறிஞர் நசீர் அலி ஜைராஸ்பாய் அப்பதிவுகளுடன் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களுக்குச் சென்று, எவை நிலைத்தன, எவை மாறின என்று ஆராய்ந்தார். பதிவு என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று, பாடியவரின் ஊருக்கே திரும்ப வேண்டியது என்பதை இதனால் அறிகிறோம்.

அன்புக்குரிய குடும்பங்களே! மெழுகு உருளையைத் தேடி இன்று எவரும் அலைய வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு கைப்பேசி உள்ளது. திருமணங்களைப் பதிவு செய்யும் அக்கருவியை ஒரு மாலைப்பொழுது தாத்தாவின் முன்னும் பாட்டியின் முன்னும் வையுங்கள். முதலில் அவர்தம் இசைவைக் கேளுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், எந்த வேலைக்குரிய பாட்டு என்பவற்றையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். ஏரியோரத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் பாட்டையும் மறவாதீர்கள். ஒரு படியை ஊரிலேயே பாதுகாத்து வையுங்கள்.

பதிவு செய்வதால் பழைய தொழில் மீளாது. ஆயினும், தன் பாட்டன் எந்தத் தாளத்தில் வலையிழுத்தான் என்று நாளை ஒரு பேரன் கேட்டால், அவனுக்கு விடையாக ஒரு குரலாவது இருக்கும்.