புரோபேட்டுக்கு எவ்வளவு ஆகும்?

பம்பாயில் நம்மவர்கள் வீட்டில் ஒரு பெரியவர் போய், பதிமூன்று நாள் காரியமும் முடிந்து, ஊரிலிருந்து வந்தவர்கள் ரயில் ஏறியதும் மூன்று கேள்விகள் வரும். வீடு யார் பேரில் இருக்கிறது? உயில் இருக்கிறதா? இருக்கிறது என்றால், புரோபேட்டுக்கு எவ்வளவு ஆகும்?

2022-இல் அப்பா தவறியபோது முதல் இரண்டுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்குப் பதில் கிடைக்க 2024 ஆகிவிட்டது. அதற்கப்புறம் செம்பூர், மாதுங்கா, முலுண்டிலிருந்து தெரிந்தவர்கள் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பொட்டி தட்டுகிறவன். அப்பா தன் உயிலில் என்னை எக்ஸிக்யூட்டராகப் போட்டிருந்தார், அவ்வளவுதான் தகுதி.

புரோபேட் என்பது, இந்த உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் முத்திரை போட்டு எக்ஸிக்யூட்டர் கையில் கொடுக்கும் சான்று. உயிலில் எக்ஸிக்யூட்டர் பெயர் இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் வாங்க வேண்டும். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்ற பழைய மூன்று நகரங்களில் எழுதிய இந்துக்களின் உயிலுக்கு இது கட்டாயமாக இருந்தது. தில்லியிலோ பெங்களூரிலோ இருப்பவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் பெங்களூரில் உட்கார்ந்து எழுதிய உயிலில் மயிலாப்பூர் வீடு இருந்தால் அதுவும் இதில் மாட்டிக்கொள்ளும்.

அந்தக் கட்டாயத்தை வைத்திருந்த 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. "அப்போ நீ செலவழிச்சது வேஸ்ட்டா?" என்று தங்கமணியின் அண்ணன் கேட்டார். எங்களுக்கு அன்றைக்கு வேறு வழி இல்லை. இன்றைக்கும் புரோபேட் வாங்கத் தடை ஒன்றும் இல்லை. உயிலைப் பற்றி வீட்டுக்குள்ளேயே யாராவது சந்தேகம் கிளப்பலாம் என்றாலோ, நாளைக்கு வீட்டை வாங்க வருபவரின் வக்கீல் கேட்பார் என்று தோன்றினாலோ, வாங்குவதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காவது கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கோர்ட் கட்டணம். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மகாராஷ்டிராவில் சொத்து எத்தனை கோடியானாலும் உச்சவரம்பு 75,000 ரூபாய். ஒரு காலத்தில் இங்கே வழக்குகளுக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு இருந்தது, புரோபேட்டுக்கு மட்டும் வரம்பே இல்லை. அது பாரபட்சம் என்று 1980-களின் கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது.

கட்டணம் நிகர மதிப்புக்குத்தான். இறந்தவரின் சொத்துக்கு ஒரு பட்டியல், கழிக்க வேண்டிய கடன்களுக்கு ஒரு பட்டியல். ஈமச்செலவையும் இரண்டாவதில் சேர்க்கலாம். மயானச் செலவு முதல் சாஸ்திரிகள் தட்சிணை வரை ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். ஆனால் பம்பாயில் ஒரு ரூம் கிச்சன் வீட்டுக்கே கட்டணம் உச்சவரம்பைத் தொட்டுவிடும். அப்பாவின் இரண்டு ரூம் வீடு ரெடி ரெக்கனர்படி 1 கோடியே 30 லட்சம். அதனால் என் தாளால் ஒரு பைசா குறையவில்லை.

அடுத்தது வக்கீல். முதலில் பார்த்தவர் மதிப்பில் இரண்டு சதவீதம் கேட்டார், அதாவது 2,60,000. இரண்டாமவர் மொத்தமாக 1,50,000, மூன்று தவணை. வேலை இருவருக்கும் ஒன்றுதான்: மனு, உயிலின் அசல், இறப்புச் சான்றிதழ், சொத்துப் பட்டியல், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் அஃபிடவிட், மற்ற வாரிசுகளின் சம்மதம், பத்திரிகை விளம்பரம். வீடு பெரிது என்பதற்காகப் பக்கம் கூடுவதில்லை. இரண்டாமவரையே அமர்த்தினோம். விளம்பரம், நோட்டரி, ஜெராக்ஸ், டாக்ஸி என்று உதிரியாக 28,000. ஆக 2,53,000.

இதை யார் கொடுப்பது? 320, 321, 322-ஆம் பிரிவுகள் வரிசை சொல்கின்றன. இறந்தவர் பணத்திலிருந்து முதலில் ஈமச்செலவும் கடைசி நாள் மருத்துவச் செலவும், அடுத்து புரோபேட் செலவு. அதற்கும் அடுத்து, வீட்டு வேலைக்காரர் போன்றவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்தில் பாக்கி வைத்த சம்பளம். மற்ற கடன்காரர்கள் அப்புறம்தான். ஆனால் அந்தப் பணமே புரோபேட் வரும்வரை பேங்கில் முடங்கியிருக்கும். அதனால் முதலில் யாரோ ஒருவர் கைக்காசைப் போட வேண்டும். ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

நிற்க. எந்த வக்கீலும் எழுதித் தராத ஒரு வரி இந்தக் கணக்கில் இருக்கிறது.

அப்பா உயிலில் வீடு முழுவதும் அம்மாவுக்கு. பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. எனக்கும் தம்பிக்கும் அதில் வருத்தம் இல்லை. நான் எக்ஸிக்யூட்டர் என்பதால் என் பெயர் இருந்தது. தம்பி சாட்சிகளுக்கு அறிமுகமானவன் என்று எங்கேயோ ஒரு வரியில் வந்தான். கோயமுத்தூரில் இருக்கும் அக்கா பெயர் மட்டும் எங்குமே இல்லை. போனில் சொன்னபோது, "கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலைடா. அப்பாவுக்கு மூணு பிள்ளைங்கன்னு அதுல இருக்கா?" என்று கேட்டாள். அப்புறம் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை.

வக்கீல் சுலபமாக ஒரு வழி சொன்னார். சம்மதம் வராவிட்டால் கோர்ட் மூலம் சைட்டேஷன் அனுப்பிவிடலாம், செலவு கொஞ்சம்தான். குறித்த நாளுக்குள் அவர் கேவியட் போடாவிட்டால் மனு மேலே போகும். போட்டுவிட்டால் வழக்காக மாறும். அப்போது எவ்வளவு ஆகும் என்றேன். அதை இப்போது சொல்ல முடியாது என்றார்.

அக்கா கேவியட் எல்லாம் போட மாட்டாள், எனக்குத் தெரியும். ஆனால் அவள் புகுந்த வீட்டு வாசலில், மாமனார் கையில், பம்பாய் ஹைகோர்ட் நோட்டீஸ் போய் விழும். அனுப்புகிற தம்பி நான். ரூபாய்க் கணக்கில் பார்த்தால் ரயில் டிக்கெட்டை விட அதுதான் மலிவு.

குர்லா - கோயமுத்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டேன். உயில் நகலை அக்காவிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "உங்கம்மா யாரிடமும் கையேந்தாமல் இருக்க வேண்டும்" என்ற பொருளில் அப்பா எழுதியிருந்த வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, "அம்மாவை வருஷத்துல நாலு மாசம் இங்க அனுப்புவியா?" என்றாள். சரி என்றேன். மறுநாள் நோட்டரியிடம் போனோம். பதினான்கு மாதத்தில் புரோபேட் கைக்கு வந்தது. அம்மா இந்த வருஷமும் தை முதல் சித்திரை வரை கோயமுத்தூரில்தான்.

ஆகவே யாராவது எவ்வளவு ஆகும் என்று கேட்டால் நான் வீட்டின் விலையைக் கேட்பதில்லை. வாரிசுகள் எத்தனை பேர், பேச்சுவார்த்தை இருக்கிறதா, சாட்சி உயிரோடு இருக்கிறாரா என்றுதான் கேட்கிறேன். எங்கள் சாட்சிகளில் ஒருவர் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். நல்லவேளையாக இன்னொருவர் இளைய வயது டாக்டர்.

உயில் எழுதப் போகும் அப்பாக்களுக்கு: முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சாட்சியாக உங்களை விட இருபது வயது சின்னவர்களைப் போடுங்கள். எக்ஸிக்யூட்டர் பெயரை எழுதுங்கள். எதுவும் கொடுக்காவிட்டாலும் எல்லாப் பிள்ளைகள் பெயரையும் எழுதி, ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.