அம்மாவின் பனை வளைகள்

மன்னார்த் தீவில் மழை அருமை, வெயில் தாராளம். கல்நார்த் தகட்டுக் கூரையின் கீழ்ப் படுத்த படுக்கையாயிருக்கும் என் தாயாருக்குப் பகலுறக்கம் அற்றுப்போயிற்று. எனவே, கூரைக்குக் கீழே தொங்கு சீலிங் அமைக்கத் துணிந்தேன்.

கல்நாரைத் துளையிடலாகாது, அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஆகவே கம்பிகளைப் பனை வளைகளிலேயே கட்டினோம். உப்புக் காற்று இரும்பை அரிக்குமாதலால் அலுமினியச் சட்டங்கள். அவற்றின்மேல் இரண்டடிச் சதுரத் தட்டுகளை வைத்தாற் போதும், ஆணி வேண்டியதில்லை. மேலே தங்கும் சூடு வெளியேறச் சுவருச்சியில் துவாரங்களும் வைத்தோம். (இதனை மறந்து பணத்தை இறைப்போர் பலர்.)

அறை ஓரளவு தணிந்தது. அம்மாவோ அன்றும் உறங்கவில்லை.

“தம்பி, ஐயா போட்ட வளையை மூடிப்போட்டாயே!”

1964 ஆம் ஆண்டுப் புயலிற் பழைய கூரை பறந்தபின் பாட்டனார் ஏற்றிய வளைகள் அவை. சிறுமியாயிருந்த அம்மாவும் கயிறு பிடித்தாராம்.

கட்டிலுக்கு நேர் மேலிருந்த தட்டொன்றை எடுத்துவிட்டேன். அவ்வழியே வெக்கை சற்று இறங்கத்தான் செய்கின்றது. ஆயினும் அம்மா உறங்குகிறார்.