தீபாவளியில் நின்ற காலண்டர்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எழுந்தவர் கிழிக்கக் கூடாது. வீட்டில் யாருக்கு மனசு கனத்துக் கிடக்கிறதோ, அவருக்காக அதை விட்டுவைக்க வேண்டும். ஒன்பது மணியானாலும் பத்து மணியானாலும் சரி, அவர் வந்து கிழிக்கும்வரை எங்களுக்கு நேற்றைய தேதிதான். முசிறியில் என் சித்தி தொடங்கிவைத்த பழக்கம். இப்போது சென்னையில் என் வீட்டுக் கூடத்திலும் இதுதான் நடக்கிறது.

காலண்டர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டுவிடுவார்கள். இன்னும் விடியாத நாள்களுக்கெல்லாம் ஆடி மாதத்திலேயே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை என்று கரை கட்டியாகிவிடும். ராசிபலன் ஒரே சொல்லில் முடியும்: லாபம், நட்பு, சோர்வு, பெருமை. இவற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது சந்திராஷ்டமம். நம் ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் நிற்கும் இரண்டே கால் நாள். அன்றைக்குக் கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. "இன்னைக்கு அவளுக்குச் சந்திராஷ்டமம்" என்றால் வீடே குரலைத் தணித்துக்கொள்ளும். சோதிடம் மெய்யா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மனசு சரியில்லாத நாளுக்கு அது ஒரு பெயர் கொடுத்தது. அந்த நாளில் ஒருவரைக் குற்றம் சொல்லாமல் விட வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தது. எத்தனை மணிக்கு முடியும் என்பதுகூட அதில் அச்சாகியிருக்கும்.

மனச்சோர்வு நோய்க்கு அப்படி முடிகிற நேரம் அச்சிட்ட தாள் கிடையாது.

சித்தப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. கிழித்த தாளை எறிய மாட்டார். பின்பக்கத்தில் பால் கணக்கு, சலவைக் கணக்கு, யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தார் என்பதையெல்லாம் எழுதிக் கம்பியில் குத்திவைப்பார். 1996இல் தீபாவளி நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. அப்பாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டே இருந்தாள். சித்தப்பா எழுந்து வரவில்லை. அதற்கு முன்பே இரண்டு மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. மறுநாள் தாள் கிழிபடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சிவப்பு மையில் 10 என்ற எண் சுவரில் அப்படியே நின்றது. கார்த்திகை பிறந்தது, தீபம் வந்து போனது. அந்தச் சுவரில் மட்டும் தீபாவளி முடியவே இல்லை.

வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "ஆளு பாக்க நல்லாத்தானே இருக்காரு" என்றார் ஒருவர். "சும்மா படுத்துக் கெடந்தா எல்லாந்தான் வரும்" என்று சித்தி காதுபடச் சொன்னார் இன்னொருவர். சித்தப்பா பல வருடம் கழித்து என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையை நான் மறக்கவில்லை: "எந்திரிக்கணும்னு தெரியும்டா. அதைக் கால்கிட்டச் சொல்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

டிசம்பர் 2, திங்கட்கிழமை, சித்தி அவரைத் திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மருத்துவர் சொன்னதைச் சித்தி மனப்பாடமாக வைத்திருந்தாள். மாத்திரை இன்றைக்குப் போட்டால் நாளைக்குக் கேட்காது. இரண்டு மூன்று வாரம் எதுவும் தெரியாது, வாய்தான் உலரும். அதற்காக நிறுத்தக் கூடாது. சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாராம்: "மனசு வந்தாத்தான் செய்வேன்னு அவர் காத்திருக்க வேணாம்மா. சின்னதா ஒரு வேலை, தினம் ஒரே நேரத்துக்கு. செய்யச் செய்ய மனசு பின்னாடி வரும்."

சித்தி காலண்டரைத் தேர்ந்தெடுத்தாள். நின்றுபோன 22 தாளையும் அன்றிரவே எடுத்துவிட்டு, டிசம்பர் 2 மேலே தெரியும்படி மாட்டினாள். கட்டிலிலிருந்து கூடத்துச் சுவருக்குப் பதினோரு எட்டு. காலண்டரை அவர் பக்கத்தில் கொண்டுபோய் மாட்டலாமே என்று அப்பாயி சொன்னதற்குச் சித்தி ஒப்பவில்லை. நடந்து வரட்டும் என்றாள்.

அந்த வாரம் சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன். பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணிக்குச் சித்தப்பா சுவரைப் பிடித்தபடி வந்தார். வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டவில்லை. தாளின் கீழ் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஓடிப்போய்க் கிழித்துக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. அடுப்படியில் சித்தி குழாயை மூடிவிட்டாள். பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு தாள் கிழியும் சத்தம். சித்தி எட்டிப்பார்க்கவில்லை. எப்போதும் கேட்கிற குரலில், "இன்னைக்குத் தேதி என்னங்க?" என்றாள்.

"ஏழு."

அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான். சித்தி காபி கொண்டுவந்து வைத்தாள். 'பரவாயில்லையே, எழுந்துவிட்டீர்களே' என்று பாராட்டவில்லை. 'தைரியமா இருங்க' என்றும் சொல்லவில்லை. தேதி தெரிய வேண்டியிருந்தது, கேட்டாள், அவர் சொன்னார். அவருடைய பதில் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது.

அப்பாயிக்கு மனசு ஆறவில்லை. குணசீலத்தில் ஒரு மண்டலம் இருந்தே ஆக வேண்டும் என்றாள். முசிறியிலிருந்து திருச்சி போகும் சாலையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனம் நொந்தவர்களை அழைத்துவந்து 48 நாள் தங்கவைப்பது அங்கே நெடுங்கால வழக்கம். உச்சிகால பூஜையிலும் இரவு பூஜையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். "போயிட்டு வாங்க, மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் மருத்துவர். டிசம்பர் 9 முதல் ஜனவரி 25 வரை கோயிலருகே ஓர் அறையில் இருந்தார்கள். காலண்டரும் கூடவே போனது. 48 நாள் என்றால் ஏழு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு. மாத்திரை வேலை செய்யத் தொடங்கி, ஓரளவு நிலைக்கவும் அந்தக் காலம் போதும். பெருமாள் குணமாக்கினார் என்று அப்பாயி சாகும்வரை சொன்னாள். சித்தி மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டுவாள். என் கணக்கில் மருந்துதான் நோயைத் தொட்டது. மருந்து தொடும்வரை அவரைத் தாங்கிப் பிடித்தது, நேரம் தவறாத அந்தப் பூஜையும் பக்கத்திலேயே இருந்த சித்தியும்.

இதைச் சொல்லும்போது ஏர்வாடியைச் சொல்லாமல் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்களையும் சேர்த்து, 28 பேர் இறந்தார்கள். அங்கேயும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். மருந்தும் இல்லாமல், 'தேதி என்ன' என்று கேட்க ஒருவரும் இல்லாமல் எண்ணுகிற நாளுக்குப் பெயர் சிறை. இன்றைக்கும் மருத்துவரிடம் போகாமல் பரிகாரம் மட்டும் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பல வருடம் கழித்து, அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த எல்லன் ஃபிராங்க் என்ற உளவியலாளரின் முறையைப் பற்றிப் படித்தேன். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்காக அவரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. அதில் ஒரு சிறிய படிவம் உண்டு. தினமும் ஐந்தே ஐந்து நேரத்தைக் குறிக்க வேண்டும்: படுக்கையை விட்டு எழுந்தது, இன்னொரு மனிதரோடு முதன்முதலாகத் தொடர்புகொண்டது, அன்றைய வேலையைத் தொடங்கியது, இரவு சாப்பிட்டது, படுத்தது. இரண்டாவது வரியில் என் கண் நின்றுவிட்டது. எழுந்தவுடன் வருவது இன்னொரு மனிதர். அடுப்படியிலிருந்து வந்த சித்தியின் குரல் அந்தப் படிவத்தில் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

இப்போதைய வாழ்க்கையில் நாளுக்குக் கரையே இல்லை. செல்போனில் தேதி நடுராத்திரியில் தானே மாறிக்கொள்கிறது. யாரும் கிழிக்க வேண்டியதில்லை. என் அண்ணன் மகள் இரவுப் பணி பார்த்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் தூக்கம், அறைக்கே வரும் சாப்பாடு, ஒரு வாய்ப்பேச்சு இல்லாமல் போன வாரங்கள். உடைந்துபோனாள். பத்து நாள் விடுப்புக் கொடுத்து, 'ஃப்ரெஷ்ஷா திரும்பி வாங்க' என்றார்களாம் அவள் வேலை பார்த்த இடத்தில். மாத்திரை பிடிப்பதற்கே அதைவிட அதிக நாள் ஆகும். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவளே 14416ஐ அழைத்திருக்கிறாள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அங்கே பேசிய பிறகுதான் மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தாள். இரண்டு மாதம் என் வீட்டில் இருந்தாள். முதல் வாரம் அவள் தாள் கிழித்தது மாலை நாலு மணிக்கு. அதுவரை எங்களுக்கு நேற்றுதான். "தேதி என்னம்மா?" என்று கேட்டுவிட்டு நான் பேப்பரில் தலையைக் குனிந்துகொள்வேன்.

சித்தப்பா 1997 பிப்ரவரி 17ஆம் தேதி மில்லுக்குப் போனார். மருந்தை மருத்துவர் அந்த வருடத் தீபாவளிக்கு முன்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அதன்பிறகு இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். நடுவில் ஒருமுறை நோய் திரும்பியது. அப்போது சித்தி பத்து நாள்கூடக் காத்திருக்கவில்லை.

அவர் போன பிறகு கம்பியை என்னிடம் கொடுத்தார்கள். டிசம்பர் 2 தாளின் பின்பக்கத்தில் நடுங்கும் எழுத்தில் '9.40 எழுந்தேன்' என்று இருக்கிறது. அடுத்தடுத்த நாள்களில் 9.30, 9.30, 10.15, 9. பொங்கலுக்கு மேல் பால் கணக்கு தலைகாட்டுகிறது. சித்தி எடுத்துவிட்ட 22 தாளை அவள் எறியவில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மடித்துவைத்திருந்தாள். அவற்றின் பின்பக்கம் எதுவும் எழுதப்படாமல் இருக்கிறது.